மஞ்சள் முடிச்சு

அம்மாவைப் பெற்ற அம்மாயியின் கருமாதி முடிந்த மறுநாள் அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். இரண்டு சேலைகள், மழைக்குத் தலையில் போட்டுப் போட்டு நிறம் வெளுத்த ஒரு கம்பளி, அடையாள அட்டை, றப்பர் வளையம் போட்டுக் கட்டிய சம்பளத் துண்டுகள். எல்லாவற்றுக்கும் அடியில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. தொட்டுப் பார்த்தால் உள்ளே காசு இருப்பது தெரிந்தது.

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை, மாட்டுக்குச் சீக்கு, கப்பலேறிப் போனவரிடமிருந்து கடிதமில்லை என்றால், மஞ்சள் நனைத்த துணியில் ஒரு காசை முடிந்து சாமி பேரைச் சொல்லி வைப்பார்கள். காரியம் கைகூடியதும் முடிச்சை அவிழ்த்து, சேவலோ பொங்கலோ, சொன்னதைச் செய்துவிட்டால் கணக்கு முடிந்தது. நேர்த்திக்கடன். இந்த முடிச்சு மட்டும் அவிழாமலே கிடந்தது. எந்தச் சாமிக்கு, எதற்காக, எந்த வருஷம் கட்டியது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "கடனோட போயிருச்சே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

சம்பளத் துண்டுகளை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் மேலே உழைத்த பேர், அதாவது வேலை செய்த நாள் கணக்கு, கீழே கழிவு. தீபாவளி முற்பணம், அரிசி, மா, கோயில் காசு, சங்கச் சந்தா, சேமலாப நிதி. ஒரு மாதத் துண்டில் எல்லாம் கழித்து மிஞ்சிய தொகையைப் பார்த்தேன். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த மாதம் என் அம்மாவுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கவில்லை என்பது எங்கள் வீட்டில் பல தடவை சொல்லப்பட்ட கதை.

முடிச்சையும் துண்டுகளையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தபோது, பேராதனையில் படித்த காலத்திலிருந்து என்னோடு வரும் ஒரு வாசிப்பு திரும்ப வந்தது. 1887இல் ஜெர்மன் தத்துவவாதி ஃபிரீட்ரிக் நீட்சே ஒழுக்கம் எங்கிருந்து பிறந்தது என்று ஆராய்ந்து எழுதிய நூலின் இரண்டாவது கட்டுரை. ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்றால் குற்றம், 'ஷுல்டன்' என்றால் கடன்கள். மனிதனுடைய குற்றவுணர்வு வானத்திலிருந்து இறங்கியதல்ல, கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் நடுவில் இருந்த மிகப் பழைய உறவில்தான் அது முளைத்தது என்கிறார் நீட்சே. வாக்குக் கொடுக்கும் பிராணியாக மனிதனை ஆக்குவதற்கு அவன் உடம்பில் வலியை எழுத வேண்டியிருந்தது. கடனைத் திருப்பித் தராதவனை அடிக்கும் உரிமையே கடன் கொடுத்தவனுக்கு ஒரு வகை வட்டி. முன்னோருக்குப் பட்ட கடன் தலைமுறை தலைமுறையாகப் பெருத்து அந்த முன்னோரே தெய்வமானார்கள். கடைசியில், எதைக் கொடுத்தும் அடைக்க முடியாத கடனுக்கு உரிய ஒரு கடவுள் வந்து நின்றார். இது அவர் கட்டும் வழக்கு.

மதம், ஒழுக்கம், அரசு, வன்முறை என்று நாம் நான்கு தனித்தனி அறைகளில் வைத்துப் பேசுவதை அவர் ஒரே கயிற்றில் கோத்துக் காட்டுகிறார். முதலில் வாசித்தபோது எனக்கு மூச்சு முட்டியது. ஏனென்றால் தமிழில் அந்தக் கயிற்றுக்கு ஏற்கனவே பேர் இருக்கிறது. சாதாரண தரத்தில் தமிழ் படித்த எல்லோருக்கும் பொன்முடியாரின் அந்தப் புறநானூற்றுப் பாட்டு ஞாபகம் இருக்கும். பெற்று வளர்ப்பது தாயின் கடன், சான்றோன் ஆக்குவது தந்தையின் கடன், வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனின் கடன், நல்வழிப்படுத்துவது வேந்தனின் கடன், போரில் யானையை வெட்டிவிட்டு வருவது இளைஞனின் கடன். குடும்பம், தொழில், அரசு, கொலை என எல்லாம் ஒரே சொல்லின் கீழ் அடுக்கப்பட்டிருக்கின்றன. பரீட்சைக்காக நாங்கள் அதை வீரத்தாயின் பாட்டு என்று மனப்பாடம் செய்தோம். பெற்ற பிள்ளை எப்போது, யாரிடம், இந்தக் கடனை வாங்கினான் என்று வகுப்பில் யாரும் கேட்கவில்லை. இப்போது நானே தமிழ் கற்பிக்கிறேன். பிள்ளைகளிடம் அதைக் கேட்டுவிட்டுத்தான் பாட்டுக்குள் போகிறேன்.

மலையகத்தில் 'கடன்' என்பது உவமை கிடையாது. அது சட்டமாக இருந்தது. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேய்ப்பவர், கொடுத்த முன்பணத்தில் தொடங்கும் அது. வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் கணக்கில் ஏறும். தேயிலைக்கோ கோப்பிக்கோ ஒரு செடி நடுவதற்கு முன்பே ஆள் கடனாளி. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு ரூபாய் கடன் நிற்கிறது, அதைக் கட்டுகிறவருக்கு இவர்களை விடுகிறேன் என்பதுதான் அதன் சாரம். அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பேர். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். கடன் அப்படியே கூட வரும். செத்தவருடைய, ஓடிப்போனவருடைய கடன் மிச்சம் இருந்தவர்களின் தலையில் ஏற்றப்பட்டதும் உண்டு. சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் அது சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றம். கடன் எப்படிக் குற்றமாகிறது என்று நீட்சே ஒரு சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டினார். எங்கள் முப்பாட்டன்மார் அதை, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், காலை ஆறு மணிக்கு முன்னால் நின்று கற்றுக்கொண்டார்கள்.

துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. அதே 1921இல், ஜெர்மனியில் வால்டர் பெஞ்சமின் என்ற இளம் சிந்தனையாளர் வன்முறையை விமர்சித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே காலத்தில் முதலாளித்துவத்தை ஒரு மதமாகப் பார்க்கும் ஒரு சிறு குறிப்பையும் எழுதி வைத்தார். குறிப்பு அச்சாகியது 1985இல்தான், அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. மற்ற மதங்களில் பாவத்துக்கு ஒரு கழுவாய் இருக்கும். இந்த மதம் கழுவாய் தராது, கடனைத்தான் பெருக்கும் என்பது அவருடைய பார்வை. அவரும் அந்த 'ஷுல்ட்' என்ற இரட்டைச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறார். இந்த மதத்துக்கு ஓய்வு நாள் கிடையாது, எல்லா நாளும் திருநாள் என்கிறார். தீபாவளி முற்பணத்தை அறிந்தவர்களுக்கு இந்த வரி வேறு விதமாகக் கேட்கும். ஒரு நாள் பண்டிகை, அதற்குப் பல மாதக் கழிவு. கழிந்து முடியும்போது அடுத்த தீபாவளி வந்து நிற்கும்.

என் மூத்த மாமா தேயிலைக் கொட்டகையில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர். இடதுசாரிச் சங்கத்தில் இருந்தார். கோயிலுக்குப் போக மாட்டார், திருநீறு பூச மாட்டார். மதம் மக்களின் அபின் என்ற மார்க்ஸின் வரியை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில், எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். 1844இல் வெளியான அந்தக் கட்டுரையில் அபினுக்கு முன்னால் வேறு வார்த்தைகள் இருக்கின்றன. ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு மதம், இரக்கமற்ற உலகின் இதயம் அது என்கிறார் மார்க்ஸ். மேடைகளில் பெரும்பாலும் அந்த வரிகளை விட்டுவிடுகிறார்கள், அது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

ஒரு மாசி மாதம், நான் சிறுவன். முனியாண்டிக்குச் சேவல் வாங்க அம்மாயி காசு எண்ணிக்கொண்டிருந்தார். மாமா வாசலில் நின்றபடி கேட்டார்.

"ஏம்மா, இருக்கிற கடன் போதாதுன்னு சாமிகிட்ட வேற கடன் வாங்கி வச்சிருக்கியா?"

அம்மாயி தலை நிமிரவில்லை.

"சாமிகிட்ட வாங்குன கடன நான் அடைச்சிருவேன்டா. தொரகிட்ட வாங்குன கடன எந்த சென்மத்துல அடைக்கிறது?"

நீட்சேயை வாசிப்பதற்குப் பல வருஷங்களுக்கு முன்னால் நான் கேட்ட வார்த்தை இது. நீட்சேயுடன் நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். கடன் பெருத்துப் பெருத்து அடைக்கவே முடியாத கடனுக்குரிய கடவுளாக முடிகிறது என்பது அவருடைய கதை. எங்கள் மலைகளில் சாமிகள் அப்படிப் பெருக்கவில்லை. மாடசாமி, முனியாண்டி, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தியை வைத்துக் கும்பிடும் கவ்வாத்துச் சாமி, கொட்டகையின் இயந்திரங்களுக்குக் காவலான ரோதை முனி என எல்லாம் கைக்கு எட்டிய தெய்வங்கள். கை கால் இயந்திர ரோதையில் மாட்டாமல் இருக்க வேண்டும் என்பது வேண்டுதல். காரியம் நடக்காவிட்டால் சாமியைத் திட்டலாம், சேவல் கிடையாது என்று முகத்துக்கு நேரே சொல்லலாம். பிறந்ததே பாவம் என்று அந்தச் சாமிகள் சொல்வதில்லை. கடன் வாங்குகிறவர் தானே தொகையைச் சொல்கிறார், தவணையும் அவருடையது. கிரேக்கர்கள் தம் தெய்வங்களைக் குற்றவுணர்வைத் தள்ளி வைப்பதற்கே பயன்படுத்தினார்கள் என்று நீட்சேயும் அதே கட்டுரையின் கடைசிப் பக்கங்களில் ஒப்புக்கொள்கிறார். அந்த வாசலைத் திறந்துவிட்டு அவர் உள்ளே போகவில்லை. அவருக்கு ஐரோப்பாவின் கணக்குத்தான் முக்கியமாக இருந்தது.

முனியாண்டியைச் சுற்றி எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. யார் கோயிலுக்குள் எதுவரை வரலாம், யார் தப்படிக்க வேண்டும் என்பதில் சாதி கப்பலேறிக் கூடவே வந்தது. தோட்ட நிர்வாகமே சம்பளத்தில் கோயில் காசைக் கழித்ததால், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்பதும் நிர்வாகத்தோடு நெருக்கமானவர்கள் கையில் இருந்தது. மாமாவின் கோபத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் அம்மாயியின் பதிலுக்குள் இருந்த கணக்கு மாமாவின் துண்டுப் பிரசுரங்களில் இருந்ததை விடக் கூர்மையானது. அடையும் கடனையும் அடையாத கடனையும் அவர் பிரித்துப் பார்த்தார்.

ஒழுக்கத்தைப் பற்றி நீட்சே சொல்வது இன்னும் கடினமானது. பணிவு, பொறுமை, சாந்தம் இவையெல்லாம் வலிமை இல்லாதவர்கள் தம் இயலாமைக்குச் சூட்டிய பெயர்கள், அடிமைகளின் ஒழுக்கம் என்கிறார். நீட்சே எங்கள் பக்கத்து ஆள் இல்லை. அவர் மெச்சுவது எஜமானர்களை. அதனால்தான் அவரை விடாமல் வாசிக்க வேண்டியிருக்கிறது. எங்களைப் பற்றி வெளியில் பேசப்படுவதும் இதுதானே. 'அப்பாவி மக்கள்', 'விசுவாசமான உழைப்பாளிகள்' என்கிறார்கள். இந்த விசுவாசம் எங்கிருந்து வந்தது?

நான் சிறுவயதில் தோட்டத்தில் கேட்ட ஒழுக்கப் பாடங்களை எண்ணிப் பார்க்கிறேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்யாதே. தோட்டம்தானே சோறு போடுகிறது. செஞ்சோற்றுக் கடன். கர்ணன் துரியோதனனுக்காகச் செத்தான், கும்பகர்ணன் அண்ணனுக்காகச் செத்தான், இரண்டு பேருக்கும் தாம் நிற்கும் பக்கம் தப்பு என்று தெரியும், ஆனாலும் தின்ற சோற்றுக்காக நின்றார்கள். இதைச் சொன்னவர்கள் யார்? கொழுந்து எடுத்த பெண்கள் சொல்லி நான் கேட்டதில்லை. பெரிய கங்காணி வீட்டில் சொன்னார்கள், கணக்கப்பிள்ளை சொன்னார், திருவிழா மேடையில் பொன்னாடை போர்த்தியவர்கள் சொன்னார்கள். பணிவின் ஒழுக்கத்தை அடிமைகள் கண்டுபிடித்தார்கள் என்று நீட்சே எழுதுகிறார். எங்கள் மலையில் அது மேலிருந்து கீழே வழங்கப்பட்டது, அரிசியையும் மாவையும் போல, கணக்கு எழுதி வழங்கப்பட்டது. யார் யாருக்குச் சோறு போட்டார்கள் என்ற கேள்வியையே தலைகீழாக்கியதுதான் அதன் வெற்றி.

அரசின் பக்கம் வருகிறேன். மக்கள் ஒன்றுகூடி ஒப்பந்தம் போட்டு அரசை உண்டாக்கினார்கள் என்ற கதையை நீட்சே ஒரு பத்தியில் தள்ளிவிடுகிறார். ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டம் வந்து விழுந்து மற்றவர்களைப் பிசைந்து உருவாக்கியதே அரசு என்கிறார். பெஞ்சமின் 1921 கட்டுரையில் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். சட்டத்தை உண்டாக்கும் வன்முறை ஒன்று, உண்டான சட்டத்தைக் காக்கும் வன்முறை இன்னொன்று. இரண்டுக்கும் மேல் சட்டம் என்ற துணி போர்த்தியிருப்பதால் வன்முறை கண்ணுக்குப் படுவதில்லை.

இந்த மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1815இல் கண்டி பிரித்தானியர் கைக்குப் போனது. 1817-18 கிளர்ச்சி நசுக்கப்பட்டது. பிறகு 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உரிமையை நிரூபிக்க முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது அது. தலைமுறையாகக் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த சிங்களக் கிராமத்தாரிடம் என்ன காணி உறுதிப் பத்திரம் இருந்திருக்கும்? அந்தக் காணிகளில்தான் கோப்பி வந்தது, பிறகு தேயிலை வந்தது, எங்கள் ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களவருக்கும் லயத்துத் தமிழருக்கும் நடுவில் இன்றும் இருக்கும் கசப்பின் அடியில் இந்தச் சட்டம் கிடக்கிறது. ஒருவரிடம் காணியைப் பறித்தார்கள், இன்னொருவரைக் கடனில் கட்டி அதே காணிக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் குற்றவாளியாகப் பார்த்துக்கொண்டே ஏறக்குறைய இருநூறு வருஷம் போய்விட்டது.

சட்டத்தைக் காக்கும் வன்முறைக்கும் எங்களிடம் பெயர்கள் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தன். 1977 மே மாதம், தோட்டக் காணிகளைப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்தபோது டெவன் தோட்டத்தில் சுடப்பட்ட சிவனு இலட்சுமணன். கோவிந்தன் இறந்த அதே 1940இல், செப்டம்பரில், பிரான்சிலிருந்து தப்பி ஸ்பெயின் எல்லைக்கு வந்த பெஞ்சமின், குடியுரிமை இழந்தவராக, சரியான காகிதம் இல்லாமல், அங்கே தன் உயிரை முடித்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்து அதே வழியாக வந்த அவருடைய நண்பர், சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் அவருடைய கல்லறையைத் தேடினார், கிடைக்கவில்லை. அரெண்டும் நாடற்றவர். 1937இல் ஜெர்மன் குடியுரிமையை இழந்து, 1951இல்தான் அமெரிக்கப் பிரஜையானார்.

அரெண்ட் எழுதியவற்றில் ஒரு சிந்தனையை நான் எங்கள் குடும்பக் கதையாகவே வாசிக்கிறேன். மனித உரிமை என்று எவ்வளவு பேசினாலும், ஒரு நாட்டின் பிரஜையாக இல்லாதவரிடம் வெறும் மனிதராக இருப்பது ஒன்றுதான் மிஞ்சுகிறது, அப்போது அந்த உரிமைகள் எதுவும் அவரைக் காப்பதில்லை. அதனால் எல்லா உரிமைக்கும் முன்னால், உரிமைகளைப் பெறும் உரிமை ஒன்று தேவை என்றார். 1951இல் அவர் இதை எழுதினார். எங்கள் ஆட்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1948 நவம்பர் 15. எல்லோருக்கும் ஒரு நாட்டுரிமை உண்டு என்று சொல்லும் உலக மனித உரிமைப் பிரகடனம் ஐக்கிய நாடுகளில் நிறைவேறியது 1948 டிசம்பர் 10. நடுவில் 25 நாட்கள். 1947 தேர்தலில் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றிருந்தது. அந்த வாக்குகளைப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அடுத்த தேர்தலில் வாக்கு இல்லை. யாரும் அடிக்கப்படவில்லை, யாரும் சுடப்படவில்லை. பாராளுமன்றத்தில் கைகள் உயர்ந்தன, அவ்வளவே. பெஞ்சமின் சொல்லும் முதல் வகை வன்முறையை இதைவிடத் தெளிவாக எனக்குக் காட்டத் தெரியாது.

1964 ஒக்டோபரில் இலங்கை, இந்தியா இரண்டின் பிரதமர்களும் கையெழுத்திட்டார்கள். நாடற்ற 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. பிறகு பேசினார்கள், 1974இல், பாதிப் பாதி. அம்மாயியின் தம்பி அந்த 525,000இல் ஒருவர். இந்தியாவுக்குக் கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியை, அந்த ரயிலை, எங்கள் வீட்டில் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். ஜன்னலுக்கு வெளியே கையை விடாமல் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடியும் வரை அம்மாயி ஓடினாராம். தம்பி கூடலூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார், அங்கேயும் தேயிலைதான். முதலில் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

வன்முறையைப் பற்றி 1970இல் அரெண்ட் எழுதியது எனக்கு மாமாவுடன் நடந்த நீண்ட வாக்குவாதத்தோடு சேர்ந்தது. அதிகாரமும் வன்முறையும் ஒன்றல்ல, ஒன்று தேயும் இடத்தில்தான் மற்றது தலைகாட்டும் என்கிறார். மக்கள் சேர்ந்து இயங்கும்போது பிறப்பதே அதிகாரம், துப்பாக்கிக் குழாயிலிருந்து கீழ்ப்படிதல் கிடைக்கும், அதிகாரம் ஒருபோதும் கிடைக்காது. 1977, 1981, 1983 என்று லயங்கள் எரிந்த வருஷங்களில் திருப்பி அடிக்காததை மாமா கோழைத்தனம் என்பார், சில நாட்களில் அழுதுகொண்டே சொல்வார். எனக்கு அப்படித் தெரியவில்லை. 1952இல் பறிபோன வாக்குக்காகக் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களும், 1,000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு 2018இல் காலிமுகத்திடலில் திரண்ட இளைஞர்களும் செய்தது அடிமை ஒழுக்கம் இல்லை. அந்த 1,000 ரூபாய் சட்டமானது 2021இல்.

அடுத்த வருஷம், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட இப்போது முடியாது என்று இலங்கை அரசு அறிவித்தது. அன்றிரவு நான் தூங்கவில்லை. ஐந்து ரூபாய் குறைந்தாலும் கடைக்காரர் முகத்தைப் பார்க்கக் கூசும் என் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாடு கடனைக் கட்டாவிட்டால் அதற்கு மறுசீரமைப்பு என்று பேர். 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது அதன் பாரத்தைப் பெரும்பாலும் சுமந்தது ஊழியர் சேமலாப நிதியும் அது போன்ற ஓய்வூதிய நிதிகளும். நிதி வைத்திருந்த அரசுப் பத்திரங்கள் நீண்ட காலத்துக்கும் குறைந்த வட்டிக்கும் மாற்றப்பட்டன. அம்மாயியின் சம்பளத் துண்டில் கழிவுப் பகுதியின் கடைசி வரி அதே சேமலாப நிதிதான். என் அம்மாவின் துண்டிலும் அதே இடத்தில் அதே வரி. செத்தவருடைய, ஓடிப்போனவருடைய கடன் மிச்சம் இருந்தவர்கள் தலையில் ஏறிய அந்தப் பழைய துண்டை நான் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதே 2023 ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும், எங்கள் ஆட்கள் வந்து இருநூறு வருஷம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஊர்வலம் நடந்து போனது. நான் இரண்டு நாள் கூட நடந்தேன். பாதையோரத்தில் சிங்களவர்களும் முஸ்லிம்களும் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்கள். வாங்கிக் குடித்தோம்.

முடிச்சைப் பற்றி வீட்டில் மூன்று வருஷம் பேச்சு ஓடியது. என்ன வேண்டினார் என்று தெரியாமல் எப்படி அடைப்பது என்றார் சித்தி. அப்படியே ஆற்றில் விடலாம் என்றார் பக்கத்து லயத்துப் பூசாரி. அம்மா இரண்டுக்கும் தலையாட்டவில்லை. போன மாசியில் முனியாண்டி கல்லுக்குப் போக முடிவு செய்தார். மலைக்கு மேலே, பழைய பன்னிரண்டாம் நம்பர் மலையின் ஓரத்தில், மரத்தடியில் இருக்கிறது கல். எண்பதைத் தொட்ட மாமா, யாரும் கூப்பிடாமல், சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் ஏறினார். கல்லுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார்.

அம்மா கற்பூரம் ஏற்றினார். "எதுக்குன்னு தெரியல சாமி. சேவல் கொண்டாந்துருக்கோம். இதோட கணக்கத் தீத்துக்க" என்றார். துணி இறுகிப் போயிருந்ததால் பூசாரி கத்தியால் முடிச்சை அறுத்தார். உள்ளே இரண்டு காசு இருந்தது. ஒன்று நம்முடைய இருபத்தைந்து சதம். மற்றது இந்தியக் காசு, பத்துப் பைசா.

மாமா கிட்டே வந்து அந்தப் பத்துப் பைசாவை வாங்கினார். சட்டையில் துடைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வருஷத்தைப் பார்க்கக் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதை அம்மா கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.